ஏழாம் வார்டில் ஆள் இல்லை

நாத்தனார் ராஜினாமா செய்து ஒரு வாரம் ஆகியும் வீடு இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

கம்பெனியிலிருந்து இல்லை, வீட்டிலிருந்து ராஜினாமா. அப்படியும் ஒன்று உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனி. ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸுக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவு, அவர் இடத்தில் யார் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஆப் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். எழுதுவது அவள். ஊரெல்லாம் அலைந்து விற்பது அவன்.

ஆரம்பத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எந்த ஆஸ்பத்திரியும் கதவைத் திறக்கவில்லை. போகட்டும், நம்ம வீடு எதற்கு இருக்கிறது என்று வீட்டையே ஒரு வார்டாக்கிவிட்டார்கள். மகளை ஸ்கூலில் விடுவது ஒரு ஷிப்ட், கூட்டி வருவது ஒரு ஷிப்ட், வாஷிங் மெஷினைக் காலி செய்வதுகூட ஒரு ஷிப்ட். இப்போது ஆறு வார்டுள்ள ஆஸ்பத்திரி ஒன்று கிடைத்துவிட்டது. ஆனாலும் பட்டியலின் அடியில் ஏழாம் வார்டாக வீடு அப்படியே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆபீஸில் இருக்கிறவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. அந்தக் கணக்கில் அவள் புருஷன் அண்ணன். நாத்தனார் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள், ஆகவே டீச்சர். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள், வாண்டு. ஆப்பிலும் இதே பெயர்கள்தான்.

போன வாரம் அண்ணி செய்தது இதுதான். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்த மாதத்திலிருந்து வாண்டைக் கூட்டி வருகிற ஷிப்டை அவள் தலையில் கட்டிவிட்டாள். டீச்சர் போனைச் சாப்பாட்டு மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"ஏன் அண்ணி, நான் உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்? வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?"

"ஆப்ல போட்டா தானா வந்துடுமேன்னு..."

"நான் இந்த வீட்டு மனுஷியா, உங்க ஆப்ல ஒரு பேரா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் ஏழாம் வார்டுலேருந்து நான் ராஜினாமா. ஆப்பையே அழிச்சிடறேன், போங்க."

அன்றிலிருந்து அதே வீட்டில் சாப்பாடு, அதே வீட்டில் தூக்கம். அண்ணியிடம் மட்டும் பேச்சு கிடையாது. "வாண்டு, உங்கம்மாவுக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்கிற அளவில்தான் போக்குவரத்து.

இந்த லட்சணத்தில் விடிந்தது இன்றைய நாள்.

இன்று பதினொன்றரைக்கு வாண்டு ஸ்கூல் மேடையில் பேச வேண்டும். தலைப்பு, 'எங்க வீட்டு வேலை'. போன தடவை இப்படித்தான் மேடையேறினாள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. பேச்சே வராமல் அழுதுகொண்டு இறங்கிவிட்டாள். இந்தத் தடவை ஏற்பாட்டை அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரையும் ஷிப்ட்ல போடுங்க. ஒருத்தருக்கு வேலை வந்தாலும் இன்னொருத்தர் வரணும். உங்க மூஞ்சி தெரியலைன்னா எனக்கு வாயே வராது."

"உத்தரவு" என்றான் அண்ணன், ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

டீச்சர் வாண்டின் தலைப்பின்னலை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கார்ச் சாவியைச் சுழற்றியபடி வெளியே போனாள்.

ஒன்பதரை மணி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம்தான் அண்ணிக்கு அந்தப் போன் வந்தது. கம்பெனியில் பணம் போடலாமா என்று யோசிக்கிற மேடத்தின் ஆபீஸிலிருந்து.

"மேடம் மத்தியானமே ஊருக்குக் கிளம்பறாங்க. சாயங்காலம் வெச்ச மீட்டிங்கைப் பதினோரு மணிக்கு வெச்சுக்கலாமா? அந்த ஆஸ்பத்திரியையும் வீடியோல நேரா பார்க்கணும்னு சொல்றாங்க."

முடியாது என்று சொல்கிற நிலைமையில் கம்பெனி இல்லை. இந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம். அடுத்த மாதத்துக்கு மேடம் மனசு வைத்தால்தான் உண்டு. வரேன் என்று சொல்லிவிட்டு அண்ணி ஆப்பைத் திறந்தாள். 'ஸ்கூல் மேடை' ஷிப்டில் தன் பெயருக்கு எதிரே விடுப்பு கேட்டாள். 'மற்றவர் இருக்கிறார். விடுப்பு உண்டு' என்றது ஆப்.

அப்பாடா, அவன் இருக்கிறான். மகள் கவலையை அத்தோடு இறக்கி வைத்துவிட்டு லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். புருஷனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தான் எழுதிய ஆப் தன்னிடமே பொய் சொல்லுமா என்கிற தைரியம்.

மேடத்தின் ஆபீஸில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை. நீள மேசை, சுவரில் பெரிய திரை. மேடத்துக்கு அறுபது வயசு இருக்கும். நரைத்த கிராப்பு, எதிராளியின் முகத்தை விட்டு விலகாத கண். அண்ணி ஆசை ஆசையாகச் செய்து கொண்டுவந்த படங்களை அந்த அம்மாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"படத்தை அப்புறம் பார்க்கலாம். புருஷன் பெண்டாட்டி நடத்துற கம்பெனின்னா எனக்கு ஒரே ஒரு பயம். வீட்டுல ஒன்னுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து காணாமப் போயிடுவீங்க. ரெண்டு பேரும் முழு நேரமும் கம்பெனிக்குத்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தருவோம் மேடம்." யோசிக்கவே இல்லை அண்ணி.

"காலையிலேருந்து ராத்திரி வரைக்கும்?"

"ஆமா மேடம்."

"சரி. ஆஸ்பத்திரியைக் காட்டுங்க."

இன்று மத்தியானம் பன்னிரண்டு மணி ஷிப்ட்தான் அங்கே ஆப்பில் ஓடப்போகிற முதல் ஷிப்ட். அங்கே உட்கார்ந்து நர்ஸுகளுக்கு உதவ ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். திரையின் ஒரு பாதியில் ஆப்பின் வார்டுப் பட்டியலைப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் முகம் வரும் என்று நினைத்து மறுபாதியில் அண்ணி வீடியோவைத் திறந்தாள்.

வந்தது அவள் புருஷன் முகம்.

பின்னால் நர்ஸுகள் நடமாடுகிறார்கள். இவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்று சிரிக்கிறான். சிரித்தவன், மேடத்துக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

கல்லூரிக் காலத்துப் பழக்கம், இரண்டு பேரும் தனியாக இருந்தால் வாடா போடாதான். வெளியார் எதிரில் ரொம்ப மரியாதையாக 'நீங்க, வாங்க'. அதெல்லாம் அந்த நொடியில் காற்றில் பறந்துவிட்டது.

"நீ எங்கடா அங்க உட்கார்ந்திருக்க?"

"நீ எங்கடி இங்க... நீ ஸ்கூல்ல இல்ல?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடத்தின் புருவம் மேலே போனது. இரண்டு பேரும் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், திரையில் இருந்த பட்டியலின் கடைசி வரி குபீரென்று சிவந்தது. ஷிப்டுக்கு இருபது நிமிஷம் முன்னால் ஆப் ஒரு தடவை ஆளை எண்ணிப் பார்க்க வேண்டும், ஆள் இல்லையென்றால் சிவக்க வேண்டும் என்பது அண்ணியே வைத்த விதி.

'ஏழாம் வார்டு. ஸ்கூல் மேடை. ஆள் இல்லை.'

"ஆறு வார்டுன்னுதானே சொன்னீங்க?" மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போனாள். "இந்த ஏழாவது எது?"

அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இங்கிருந்து ஸ்கூல் ஊரின் அந்தக் கோடி. ஆஸ்பத்திரியிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். எந்தப் பக்கத்திலிருந்து பறந்தாலும் பதினொன்றரைக்குள் போய்ச் சேர முடியாது. மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை அவள் கண்ணெதிரே வந்து நின்றது.

"அது ஒன்னுமில்ல மேடம்" என்றான் அண்ணன் அவசரமாக. "சோதனைக்குன்னு சும்மா வெச்சிருக்கோம். நிஜ வார்டு இல்ல." வாய் மேடத்திடம் பேசியது, கண் பெண்டாட்டியிடம் கெஞ்சியது. அந்த வரியை மறைத்துவிடு.

மறைக்க ஒரு பட்டன் போதும். அண்ணியின் விரல் அதன் மேல்தான் இருந்தது.

ஆனால் அவள் தாய் மட்டும் இல்லையே, இதை எழுதியவளும் அவள்தானே. கண்ணில் நீர் முட்டிய அதே நேரத்தில் மூளையின் இன்னொரு மூலை கேள்வி கேட்டது. இரண்டு பேரைப் போட்ட ஷிப்ட். ஒருவராவது இருந்தால்தான் மற்றவருக்கு விடுப்பு கிடைக்கும். அப்படியிருக்க, ஆளே இல்லாமல் எப்படிப் போகும்?

"நீங்க எப்போ விடுப்பு கேட்டீங்க?" இப்போது மரியாதை திரும்பி வந்திருந்தது.

"காலையில. இங்க பாதிப் பேருக்கு பாஸ்வேர்ட் வேலை செய்யலை, உடனே வாங்கன்னு தலைமை நர்ஸ் போன் பண்ணாங்க. டாக்ஸில ஏறும்போது கேட்டேன். நீ இருக்கேன்னு அது சொல்லுச்சே!"

"எனக்கும் நீங்க இருக்கீங்கன்னுதான் சொல்லுச்சு."

அவள் விரல் பட்டனை விட்டு நகர்ந்தது. காலை நேரப் பதிவுகளைத் திறந்தாள். இரண்டு விடுப்பும் ஒரே நொடியில் கேட்கப்பட்டிருந்தன. அவளுக்குப் பதில் சொல்லுமுன் ஆப் எட்டிப் பார்த்தது, அவன் இருந்தான். அவனுக்குப் பதில் சொல்லுமுன் எட்டிப் பார்த்தது, அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் தாராளமாக 'போய் வா' என்று சொல்லிவிட்டது. ஒருவரை நம்பி ஒருவர் கிளம்பிவிட்டார்கள்.

ஆறு மாதச் சோதனையில் ஒரு தடவைகூட இது மாட்டவில்லை. மாட்டாது. ஒரே நொடியில் ஒரே நினைப்பு வர வேண்டுமானால் அதற்கு இந்த இரண்டு பேர்தான் வேண்டும்.

"ஏங்க" என்றாள். "ராத்திரி ஷிப்ட்ல ஒரு வார்டுல ரெண்டு நர்ஸ் இருக்காங்க. ரெண்டு பேரும் இதே மாதிரி ஒரே நொடியில கேட்டா?"

திரைக்குள் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த தலைமை நர்ஸ் அப்படியே நின்று திரும்பினாள்.

அண்ணி எழுந்து நின்றாள்.

"மேடம், ஏழாம் வார்டு எங்க வீடு. அந்த ஷிப்ட் என் பொண்ணு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவ மேடையேறப் போறா, எதிர்ல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரும் இருக்க மாட்டோம். இது சும்மா வெச்ச வார்டு இல்ல, நிஜம். தப்பு என்னோடது, நான் எழுதினதுல இருக்கு. இதே தப்பு அந்த ஆறு வார்டுலயும் இருக்கு." திரையைப் பார்த்துத் திரும்பினாள். "பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம். நிறுத்திடுங்க."

இந்த ஆஸ்பத்திரியைப் பிடிக்க அவன் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எத்தனை நாள் அந்த வரவேற்பறை நாற்காலியில் தேய்ந்திருப்பான்! எதுவுமே தப்பாகாது என்று இவர்களிடம் தன் வாயால் சத்தியம் செய்தவன் அவன். இப்போது அந்த வாயால்தான் இதையும் சொல்ல வேண்டும். சமாளிப்பான், ஒரு 'ஆனால்' போடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

அவன் ஒரு மூச்சு விட்டான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுந்தான்.

"சிஸ்டர், இன்னைக்கு ஆரம்பிக்கல. எங்க ஆப்ல தப்பு இருக்கு. வார்டு ஆளே இல்லாம நின்னுடலாம். சரி பண்ணிட்டு வந்து நானே உங்ககிட்ட நிப்பேன்."

"நல்லவேளை இப்போ சொன்னீங்க" என்றாள் தலைமை நர்ஸ். "பழைய சார்ட்டை நான் இன்னும் சுவத்துலேருந்து கழட்டல."

அவ்வளவுதான். ஒரு சால்ஜாப்பு இல்லை, ஒரு 'ஆனால்' இல்லை. அண்ணிக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது. இவனைத்தானே நான் கட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், ஸ்கூலுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிக்கறேன்" என்று அவள் போனை எடுத்தபோது, மேடம் விரலை நீட்டினாள்.

"இருங்க. அது மாறிடுச்சு பாருங்க."

கடைசி வரி பச்சையாகியிருந்தது. 'ஏழாம் வார்டு. ஸ்கூல் மேடை. டீச்சர்.'

அண்ணி திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"யாரு இந்த டீச்சர்?"

"என் நாத்தனார் மேடம். போன வாரம் ராஜினாமா பண்ணிட்டாங்க."

"ராஜினாமா பண்ணவங்க எப்படி வந்தாங்க?"

"தெரியல மேடம். அதை நான் எழுதல."

மேடம் முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே சிரிப்பை மடித்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"எதுவும் உடையாதுன்னு காட்டத்தான் எல்லாரும் இந்த ரூமுக்கு வருவாங்க. உடைஞ்சதை நீங்களே எடுத்துக் காட்டினீங்க. அதுக்காகப் பணம் போட்டுட மாட்டேன். வெள்ளிக்கிழமை திரும்பி வரேன். சரியாயிருந்தா, இதே ஏழாம் வார்டுல எனக்குக் காட்டுங்க. அப்போ பேசலாம். அந்த முழு நேரப் பேப்பரும் ரெண்டு பேர் கையெழுத்தோட ரெடியா இருக்கட்டும்."

"இருக்கும் மேடம்."

"இப்போ போங்க. உங்க பொண்ணு பேசிட்டிருப்பா."

அண்ணிக்குப் படியிறங்கியது நினைவில்லை. ஸ்கூல் வாசலில் அவள் டாக்ஸியிலிருந்து இறங்கவும் அண்ணன் இன்னொன்றிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. எல்லாம் முடிந்து குழந்தைகள் வகுப்புக்குத் திரும்பியிருந்தார்கள்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் கொஞ்சம் கோணலாக நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். காரில் சாய்ந்துகொண்டு டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசினாளா?" அண்ணியும் அண்ணனும் ஒரே குரலில் கேட்டார்கள்.

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம், ஒரு வாரத்துக்குப் பிறகு, அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"பேசினாளாவா? வெளுத்து வாங்கிட்டா!"

"நீ எப்படி..."

"கிளாஸ் நடுவுல போன் அலறுது. சிவப்பா எழுத்து. எடுத்துக்கறேன்னு அமுக்கினேன். சார், வலது பக்கம் திருப்புங்கன்னேன். இது நம்ம ரூட் இல்லையே மேடம்னார். இன்னைக்கு இதான் ரூட், மிதிங்கன்னேன்."

"ஹைவேல வந்தோம்" என்றார் அந்த மனிதர், இன்னும் ஸ்டியரிங்கை விடாமல். "எனக்கு இன்னைக்கு மூணாவது கிளாஸ்தான்."

"இவரும் உள்ள வந்தார். முதல் வரிசைல உட்கார்ந்து, இவர்தான் எல்லாரையும்விடச் சத்தமா கை தட்டினார்."

"பாப்பா நல்லா பேசிச்சு" என்றார் அவர்.

அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்து ஓர் ஆட்டு ஆட்டினான். வாண்டின் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்கிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

"ஆப்பையே அழிச்சிடறேன்னு சொன்னியே" என்றாள் அண்ணி.

"கோபத்துல சொல்றதையெல்லாம் செஞ்சிட முடியுமா?"

"நான் உன்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருக்கணும். கேட்காமப் போட்டேன். இன்னைக்கு உங்க அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கல. எல்லாம் அது பார்த்துக்கும்னு இருந்துட்டேன். நீ மட்டும் வரலைன்னா என் குழந்தை..." டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இந்த வீட்டு மனுஷிதான். நான்தான் மறந்துட்டேன்."

டீச்சருக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, காருக்குள் குனிந்து, "சார், ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அப்புறம் தன் போனை அண்ணி கையில் கொடுத்தாள்.

வீடியோவில் வாண்டு மைக்குக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். சட்டை நுனியைக் கசக்குகிறாள். கூட்டத்தில் தேடுகிறாள். உதடு பிதுங்கப் பார்க்கிறது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல், "வாண்டூ! இங்க!" என்று ஒரு கத்தல். வாண்டின் முகம் மலர்ந்தது.

"எங்க வீட்டு வேலை" என்று ஆரம்பித்தாள். "எங்கம்மா ஆப் எழுதுவாங்க. எங்கப்பா அதைப் பத்தி எல்லார்கிட்டயும் பேசுவாங்க. எங்க வீடு ஏழாம் வார்டு. அதுல யாராவது வரலைன்னா சிவப்பா எரியும். இன்னைக்கு அம்மாவும் வரல, அப்பாவும் வரல." ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா எங்க அத்தை வந்துட்டாங்க. அத்தை போன வாரமே ராஜினாமா பண்ணிட்டாங்க. ராஜினாமா பண்ணாலும் வருவாங்க. அதுதான் எங்க வீட்டு வேலை. நன்றி."

அண்ணி அதை மூன்று தடவை பார்த்தாள். பெருமையில் தலைகால் புரியவில்லை. ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்கூல் காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அன்று மத்தியானம் ஆபீஸில் அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவள் காதில் விழுந்திருக்காது. ஒருவர் ஒரு ஷிப்டில் கை வைத்திருக்கும்போது அதே ஷிப்டைக் கேட்கிற இன்னொருவர் காத்திருந்தே ஆக வேண்டும். முதல் ஆளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் இரண்டாவது ஆளின் முறை. சொல்லும்போது சின்ன விஷயம்தான். எழுதி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பரீட்சை. அண்ணியும் அண்ணனும் முதுகோடு முதுகு சேர்த்து, ஆளுக்கொரு போனோடு நின்றார்கள். வாண்டு நாற்காலி மேல் ஏறி நின்று நடுவர் வேலை பார்த்தாள்.

"ரெடி... விடுப்பு!"

"எனக்குக் கிடைச்சிடுச்சு!"

"எனக்கு, 'மற்றவர் இல்லை. விடுப்பு கிடையாது'ன்னு வருது."

"இன்னொரு தடவை!" என்றாள் நடுவர்.

எத்தனை தடவை அமுக்கினாலும் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அண்ணன் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டு, ஊரையே வாங்கிவிட்டவன் மாதிரி பேசினான். "சிஸ்டர், நாளைக்கு நானே நேர்ல வந்து காட்டறேன். உங்க ஆளுங்க எத்தனை பேர் வேணாலும் ஒரே நேரத்துல அமுக்கிப் பார்க்கட்டும்." பேசி முடித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனான். அது அவனுடைய ஷிப்ட்.

டீச்சர் வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது.

"அண்ணி, ஆப்ல போட மனசு வரல. வாயைத் திறந்து சொல்றேன். சொந்தமா டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறேன்."

"என்னது!"

"ஒரு பழைய கார் பார்த்து வெச்சிருக்கேன். ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படற பொம்பளைங்க எவ்வளவு பேர் இருக்காங்க தெரியுமா? அவங்களுக்குன்னே. அடுத்த மாசம் ஆரம்பிக்கறேன்."

"இவ்வளவு தைரியம் உனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?"

"எங்கேருந்தா? இத்தனை நாளா எதிர் ரூம்ல உங்களைத்தானே பார்த்துட்டிருக்கேன். விழறீங்க, எழுந்திரிக்கறீங்க, மறுபடியும் உட்கார்ந்து எழுதறீங்க. அண்ணியால முடிஞ்சா என்னாலயும் முடியும்னு தோணிச்சு."

அண்ணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். காலையில் மகள், இப்போது இவள். ஒரே நாளில் ஒருத்தி எத்தனை பெருமையைத்தான் தாங்குவாள்!

"ஆனா ஒன்னு" என்றாள் டீச்சர், அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு. "மத்தியானத்துலதான் அவங்க எல்லாரும் கத்துக்க வருவாங்க. வாண்டைக் கூட்டிட்டு வர்ற ஷிப்ட் என்னால முடியாது. அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா..."

"அதுக்கா அன்னைக்கு அவ்வளவு கோபம்?"

"பாதி அதுக்கு. பாதி நிஜக் கோபம்."

"விடுப்பு கேளு" என்றாள் அண்ணி. "இப்பவே. என் எதிர்லயே கேளு."

டீச்சர் கேட்டாள். அவள் ஒருத்தியை மட்டும் போட்ட ஷிப்ட், மற்றவரைத் தேடாமல் ஆப் உடனே கொடுத்துவிட்டது. அடுத்த மாதம் முழுக்க, ஸ்கூல் விடுகிற நேரத்து வரிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போயின. ஏழாம் வார்டில் ஆள் இல்லை.

அண்ணி அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழு நேரமும் கம்பெனிக்குத்தான் என்று காலையில் யோசிக்காமல் சொன்ன தன் குரல் காதில் கேட்டது. இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் மத்தியானம் ஸ்கூல் வாசலில் போய் நிற்கிறவர் அந்தப் பேப்பரில் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவார்?

வாண்டு நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவள் மடியில் சாய்ந்தாள்.

அண்ணி 'நான் எடுத்துக்கொள்கிறேன்' என்பதை அமுக்கினாள்.

ஆப் பதில் சொல்லவில்லை. வட்டம் ஒன்று சுற்றியது. அதன் கீழே அவளே மத்தியானம் எழுதிய வாக்கியம் வந்தது. 'காத்திருக்கவும். இதே ஷிப்டை இன்னொருவர் கேட்கிறார்.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சமையலறையில் பாட்டு எப்போதோ நின்றிருந்தது. வாசற்படியில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் சோப்பு நுரை, இன்னொரு கையில் போன். டீச்சர் சொன்னது எல்லாம் அவனுக்கும் கேட்டிருக்கிறது.

காலையில் இரண்டு பேரும் ஒரே நொடியில் கைவிட்ட குழந்தையை, இப்போது இரண்டு பேரும் ஒரே நொடியில் கேட்டிருந்தார்கள். காலையில் மாதிரி இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட இனி அதற்கு வழியில்லை. அவளே அடைத்துவிட்டாள்.

இரண்டு போனிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வாண்டு ஒன்றை எட்டிப் பார்த்தாள், மற்றதை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கும்மா கிடைச்சுது?"